மூன்று பேருக்கு மட்டும் போதுமான பணம்

2010 கோடையில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஜூன் என்ற ஆய்வாளரிடம் ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு புதிய சிகிச்சை தயாராக இருந்தது. எலிகளில் பல ஆண்டுகள் பார்த்தாயிற்று. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதியும் வந்தாயிற்று. பணம்தான் இல்லை. கையில் இருந்தது மூன்று நோயாளிகளுக்குத்தான் போதும். அந்தப் பணத்தின் பெரும்பகுதி, மருமகளை மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு குடும்பம் தொடங்கிய அறக்கட்டளையிலிருந்து வந்தது.

அதே கோடையில், அதே மாநிலத்தின் நடுப்பகுதியில் இருக்கும் ஃபிலிப்ஸ்பர்க் என்ற சிற்றூரில் எமிலி ஒயிட்ஹெட் என்ற ஐந்து வயதுச் சிறுமிக்கு லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. கார்ல் ஜூனின் பெயர்கூட அவளுடைய பெற்றோருக்கு அப்போது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தச் சிகிச்சையைப் பெற்ற முதல் குழந்தை எமிலிதான். அதற்கும் இரண்டு ஆண்டுகள் கழித்து அவளுடைய பெற்றோரே ஓர் அறக்கட்டளை தொடங்கி, மற்றக் குழந்தைகளுக்கான ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட ஆரம்பித்தார்கள்.

எமிலியின் கதையை ஓர் அதிசயமாகப் பலரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் வேறொரு கேள்வி உண்டு. பிள்ளைக்கு நோய் வந்த குடும்பங்கள் திரட்டுகிற பணம் ஆராய்ச்சியில் எங்கே போய்ச் சேருகிறது, என்ன செய்கிறது? அரசாங்கமும் மருந்து நிறுவனங்களும் செலவழிக்கும் தொகைக்கு முன்னால் அது ஒரு கைப்பிடி அரிசி. அந்தக் கைப்பிடி எந்த நேரத்தில் உலையில் விழுந்தது என்பதை இந்தக் கதையில் தேதி வாரியாகப் பார்க்க முடிகிறது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

முழங்கால் வலி

டாம், காரி தம்பதியின் ஒரே பிள்ளை எமிலி. டாம் மின்கம்பங்களில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன். 2010 மே மாதத்தில் எமிலியின் உடம்பில் காரணம் தெரியாமல் கன்றிப்போன தடங்கள் தோன்றின. ஈறில் ரத்தம் கசிந்தது. இரவில் முழங்கால் வலியால் அழுதுகொண்டே எழுந்தாள். மே 28 அன்று நோயின் பெயர் தெரிந்தது: அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா. மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.எல்.எல். என்பார்கள்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் லுக்கேமியாதான் அதிகம். அதிலும் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வகை. எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளையணுக்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகி, மற்ற அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. பிளேட்லெட் குறைவதால் ரத்தம் கசிகிறது, உடம்பு கன்றுகிறது. சிவப்பணுக்கள் குறைவதால் முகம் வெளுத்துப் பிள்ளை சோர்ந்துபோகிறது. மஜ்ஜைக்குள் நெரிசல் கூடுவதால் எலும்பு வலிக்கிறது. விளையாடி விழுந்திருப்பாள், வளர்கிற வயதின் வலி என்று நாமும்தான் நினைப்போம். அப்படி நினைத்த பெற்றோர் பின்னால் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை.

1948-இல் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்த பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதை எழுதினார். அதற்கு முன்பு இந்த நோய் வந்த குழந்தை சில வாரங்களில், சில மாதங்களில் இறந்துவிடும். 1960-களில்கூடப் பத்தில் ஒரு குழந்தைதான் பிழைத்தது. மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறைகளை ஒவ்வொரு சோதனையாகத் திருத்தித் திருத்தி, வசதியுள்ள நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். எமிலியின் பெற்றோருக்கும் அதைச் சொல்லித்தான் தைரியம் கொடுத்தார்கள். இருப்பதிலேயே குணமாகக்கூடிய வகை இது, கீமோ கொடுத்தால் சரியாகிவிடும் என்று.

அவளுக்குச் சரியாகவில்லை. கீமோ தொடங்கிய கொஞ்ச நாளில் கால்களில் சதையை அழிக்கும் கடும் கிருமித்தொற்று ஏற்பட்டது. இரண்டு கால்களையும் இழக்கும் நிலைக்குப் போய் மீண்டாள். பதினாறு மாதங்கள் நோய் அடங்கியிருந்தது. 2011 அக்டோபரில் திரும்பி வந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு ஏற்பாடு நடந்து கொண்டிருந்தபோது, 2012 பிப்ரவரியில், குறித்த நாளுக்கு இரண்டு வாரம் இருக்க மறுபடியும் திரும்பியது. நோய் அடங்காமல் மாற்றுச் சிகிச்சை செய்ய முடியாது. அடக்குவதற்கோ, வேலை செய்யும் கீமோ மிச்சமில்லை. வலியில்லாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பேச்சு வந்துவிட்டது.

டாமும் காரியும் அதற்குச் சம்மதிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே ஸ்டீஃபன் கிரப் என்ற மருத்துவர், கார்ல் ஜூனின் சிகிச்சையைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் முதல் சோதனைக்குத் தயாராகிக் கொண்டிருந்தார்.

1948-க்குப் போகாமல் 1944-க்கு

இந்த இடத்தில் எமிலியைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, அந்தச் சிகிச்சை அங்கே வந்து சேர்ந்த வழியைப் பார்க்க வேண்டும்.

1944-இல் நியூயார்க்கில் ராபர்ட் ரோஸ்லர் டி வில்லியர்ஸ் என்ற பதினாறு வயதுப் பையன் லுக்கேமியாவில் இறந்தான். அப்போது அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. அவனுடைய பெற்றோர் ருடால்ஃப், அன்டோனெட் இருவரும் 1949-இல் மகன் பெயரில் ஒரு சிறிய அறக்கட்டளை தொடங்கினார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய தொண்டர்கள், சிறிய அலுவலகம். லுக்கேமியா குணப்படுத்த முடியாத நோய் என்று மருத்துவர்களே நம்பியிருந்த காலத்தில், இதற்குப் போய்ப் பணம் கொடுங்கள் என்று கேட்பது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அமைப்புதான் வளர்ந்து வளர்ந்து லுக்கேமியா அண்ட் லிம்ஃபோமா சொசைட்டி என்ற பெரிய நிறுவனமானது; 2025-இல் அதன் பெயர் பிளட் கேன்சர் யுனைடெட் என்று மாறியது. கார்ல் ஜூனின் ஆய்வகத்துக்குப் பல ஆண்டுகள் தொடர்ந்து உதவியவர்களில் அந்த நிறுவனமும் உண்டு.

ஜூனின் யோசனை சுருக்கமாக இதுதான். நம் ரத்தத்தில் டி செல் என்ற வெள்ளையணு உண்டு. உடம்புக்குள் அந்நியமாக எது வந்தாலும் தேடி அழிப்பது அதன் வேலை. ஆனால் புற்றுநோய் செல் நம் உடம்பிலிருந்தே முளைத்தது என்பதால், டி செல்லுக்கு அது சொந்தக்காரனைப் போலத் தெரிகிறது, விட்டுவிடுகிறது. நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து, அவற்றுக்கு ஒரு புதிய உணர்கொம்பைப் பொருத்தி, பெருக்கி, திரும்ப உடம்புக்குள் செலுத்தினால் என்ன? இந்த லுக்கேமியா தோன்றுவது பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவில்; அந்தச் செல்களின் மேற்பரப்பில் சி.டி.19 என்ற ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும்படி உணர்கொம்பை அமைத்தார்கள். இதைத்தான் கார்-டி செல் சிகிச்சை என்கிறார்கள். புதிய மரபணுவை டி செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாகனமாக, நோய் உண்டாக்க முடியாதபடி செயலிழக்கச் செய்யப்பட்ட எச்.ஐ.வி. கிருமியைப் பயன்படுத்தினார்கள்.

இப்படி ஒன்றை 2000-களின் தொடக்கத்தில் சொன்னால் யார் பணம் தருவார்கள்? மரபணு சிகிச்சைச் சோதனை ஒன்றில் ஓர் இளைஞர் இறந்ததால் 1999-இலிருந்தே அந்தத் துறையின் மேல் எல்லாருக்கும் பயம் இருந்தது. அந்தச் சோதனை நடந்ததும் இதே பல்கலைக்கழகத்தில்தான். தவிர, ஒவ்வொரு நோயாளிக்கும் அவரவர் செல்லையே எடுத்துத் தனித்தனியாகத் தயாரிக்க வேண்டும். மாத்திரை போல மொத்தமாகச் செய்து விற்க முடியாத பொருள் மருந்து நிறுவனங்களை எப்படி ஈர்க்கும்?

எட்வர்ட் நெட்டர், பார்பரா நெட்டர் என்ற தம்பதி அந்தச் சமயத்தில் வருகிறார்கள். எட்வர்ட் நிதித்துறையில் இருந்தவர். மருமகள் மார்பகப் புற்றுநோயால் இறந்தபோது, கீமோவும் கதிர்வீச்சும் தவிர வேறு வழியே இல்லையா என்று கேட்டவர்கள், 2001-இல் புற்றுநோய்க்கான மரபணு சிகிச்சைக்காக மட்டுமே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். யாருக்குப் பணம் கொடுப்பது என்று தாங்களே முடிவு செய்யாமல், விஞ்ஞானிகளின் ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்து அதனிடம் விட்டார்கள். அந்தக் குழு தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர்தான் கார்ல் ஜூன். அதே 2001-இல் ஜூன் தன் மனைவியைச் சினைப்பைப் புற்றுநோய்க்கு இழந்திருந்தார். நெட்டர் அறக்கட்டளை கொடுத்தது சுமார் பத்து லட்சம் டாலர்.

முதல் நோயாளிக்கு 2010 கோடையில் செல்களைச் செலுத்தினார்கள். சில மாதங்களுக்குள் இன்னும் இருவர். மூவருமே கீமோவுக்கு அடங்காத முற்றிய லுக்கேமியா நோயாளிகள், வயது முதிர்ந்தவர்கள். இருவருக்கு நோய் முழுவதுமாக மறைந்தது. மூன்றாமவருக்குக் குறைந்தது. இப்படி ஒரு பலன் கிடைத்த பிறகும் நான்காவது நோயாளிக்குப் பணமில்லாமல் சோதனை நின்றது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் சில மருந்து நிறுவனங்களும் அதை விரிவாக்கப் பணம் தர மறுத்திருந்தன. 2011 ஆகஸ்டில் மூன்று பேரின் விவரங்களும் மருத்துவ இதழ்களில் வெளியான பிறகுதான் கதவுகள் திறந்தன. எட்வர்ட் நெட்டர் அதைப் பார்க்க இல்லை. அந்த ஆண்டு அதற்குச் சில மாதங்கள் முன்பு இறந்துபோயிருந்தார்.

குடும்பங்களின் பணம் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இங்கேதான் இருக்கிறது. நிரூபணம் இல்லாத யோசனைக்குப் பெரிய பணம் வராது; பணம் இல்லாமல் நிரூபிக்கவும் முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்க யாராவது ஒருவர் முதல் மூன்று பேருக்குச் செலவழித்தாக வேண்டும். இழந்தவர்கள் கொடுத்தார்கள்.

பதினான்கு நாள்

2012 ஏப்ரல் 17 அன்று எமிலிக்கு மாற்றியமைத்த டி செல்களைச் செலுத்தத் தொடங்கினார்கள். ஒரே நாளில் முழுவதையும் கொடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி மூன்று நாளில் கொடுத்தார்கள். குழந்தையின் உடம்பு எப்படி ஏற்கும் என்பது உலகில் யாருக்கும் தெரியாது.

காய்ச்சல் ஏறியது. 105 டிகிரியைத் தொட்டது. ரத்த அழுத்தம் சரிந்தது, மூச்சு திணறியது. ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர் பொருத்தி, மயக்கத்தில் வைத்தார்கள். பதினான்கு நாள் அப்படிப் போனது. ஸ்டீராய்டு கொடுத்தும் அடங்கவில்லை. இந்த இரவைத் தாண்ட ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான் என்று பெற்றோரிடம் சொல்லும் நிலை வந்தது. கார்ல் ஜூன், சோதனையின் முதல் குழந்தை இறக்கப்போகிறது என்று பல்கலைக்கழக நிர்வாகிக்கு ஒரு மின்னஞ்சலை எழுதி வைத்துவிட்டார். அவள் இறந்தால் இந்தச் சிகிச்சையின் கதையும் முடிந்துவிடும் என்று பயந்ததாக அவரே பின்னால் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அந்த மின்னஞ்சலை அவர் அனுப்பவே இல்லை.

டி செல்கள் லுக்கேமியாவைத் தாக்கும்போது சைட்டோகைன் என்ற வேதிப்பொருள்களை உமிழ்கின்றன. அவையே மிதமிஞ்சிப் போனால் உடம்பை எரிக்கத் தொடங்கிவிடும். எமிலியின் ரத்தத்தைச் சோதித்தபோது அவற்றில் ஒன்றான ஐ.எல்.-6 இயல்பைவிட ஆயிரம் மடங்கு இருந்தது. அதைப் பார்த்ததும் ஜூனுக்கு ஒரு மருந்து நினைவுக்கு வந்தது. அவருடைய சொந்த மகளுக்குச் சிறுவயதிலேயே மூட்டுவாதம். அந்த நோய்க்கு டோசிலிசுமாப் என்ற மருந்து முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் குழந்தைகளுக்காக அனுமதிக்கப்பட்டிருந்தது, ஐ.எல்.-6 செயல்படாமல் தடுப்பதுதான் அதன் வேலை. லுக்கேமியா பார்க்கும் மருத்துவருக்கு அந்த மருந்தோடு வழக்கமாக எந்தத் தொடர்பும் இருக்காது. பெண்ணுக்கு மூட்டுவாதம் உள்ள ஒரு தகப்பனுக்குத் தெரிந்திருந்தது.

மருந்து ஏறிய சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது. மே 2 அன்று எமிலி கண் விழித்தாள். அன்றைக்கு அவளுக்கு ஏழாவது பிறந்தநாள். சுற்றி நின்ற செவிலியர்கள் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். மே 10 அன்று மஜ்ஜைப் பரிசோதனையின் முடிவு வந்தது. லுக்கேமியா இல்லை.

அன்று ஐ.சி.யு.வில் கற்றுக்கொண்டது இன்று உலகெங்கும் கார்-டி சிகிச்சை கொடுக்கும் மருத்துவமனைகளில் வழக்கமான நடைமுறை. டோசிலிசுமாப் கையிருப்பில் இல்லாமல் இந்தச் சிகிச்சையைத் தொடங்க மாட்டார்கள்.

2014

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒயிட்ஹெட் குடும்பம் திரட்டிய பணம் எமிலியைக் காப்பாற்றவில்லை. அவளைக் காப்பாற்றிய ஆராய்ச்சிக்கு அவள் பிறப்பதற்கு முன்பே வேறு குடும்பங்கள் பணம் கொடுத்திருந்தன. 1944-இல் மகனை இழந்தவர்களும், மருமகளை இழந்தவர்களும் எமிலியை அறிய மாட்டார்கள். டாமும் காரியும் 2014-இல் எமிலி ஒயிட்ஹெட் அறக்கட்டளையைத் தொடங்கியபோது அவர்கள் பிள்ளை குணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. தங்களுக்கு இனி எதுவும் வேண்டாம் என்ற நிலையிலிருந்து, யாரோ ஒரு பிள்ளைக்காகக் கேட்டார்கள். என் மனம் இந்தக் கதையில் அதிகம் தங்குவது இங்கேதான்.

எதற்குப் பணம் கேட்டார்கள் என்பதும் முக்கியம். புற்றுநோயை ஒழிப்போம் என்று பொதுவாகக் கேட்கவில்லை. குழந்தைகளுக்கு நச்சுத்தன்மை குறைந்த சிகிச்சைகள், குறிப்பாக நோய் எதிர்ப்புச் செல்களைப் பயன்படுத்தும் சிகிச்சைகள், இவற்றுக்கான ஆராய்ச்சி. கீமோவினால் மகளின் கால்கள் போகப் பார்த்ததைக் கண்ட பெற்றோர் வேறென்ன கேட்பார்கள்? அமெரிக்காவில் ஓராண்டில் கண்டறியப்படும் புற்றுநோய்களில் குழந்தைகளுடையது நூற்றில் ஒன்றுதான். சந்தை சிறியது என்பதால் மருந்துகள் பெரியவர்களுக்கென்று உருவாகி, பிறகுதான் குழந்தைகளுக்கு வந்து சேரும். அந்த இடைவெளியில்தான் இவர்களைப் போன்றவர்களின் பணம் நிற்கிறது.

பணம் திரட்டும் வழிகள் நமக்கும் தெரிந்தவைதான்: கூட்டங்கள், ஆண்டுதோறும் ஓர் இரவு விருந்து, சின்னச் சின்ன நன்கொடைகள். ஆனால் அவர்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது. எமிலியே இருந்தாள். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், புற்றுநோய் இல்லாமல் இத்தனை ஆண்டு என்று எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கும் படத்தை வெளியிட்டார்கள். எங்கோ ஓர் ஊரில், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லப்பட்ட பெற்றோர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு டாமைத் தொடர்பு கொள்வார்கள். அவர் பேசுவார். எந்த மருத்துவமனையில் சோதனை நடக்கிறது, என்ன கேட்க வேண்டும் என்று சொல்வார். பணத்தைவிட இதனால் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் அதிகமாகக்கூட இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் ஒரு கவலையும் எனக்கு உண்டு. ஏழு வயதில் அவளுடைய முகம் உலகம் முழுக்கப் போய்விட்டது. பிள்ளையின் படத்தை வைத்துப் பணம் கேட்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கேள்வி வரும்: நாளை வளர்ந்தபின் இதை அவள் விரும்புவாளா? எமிலி வளர்ந்து தானாகவே மேடை ஏறிப் பேசுகிறாள்; அந்த அளவில் நிம்மதி. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி அமையாது. படம் போடாமலும் பணம் கேட்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

மீதிக் கணக்கு

எமிலியின் விவரம் 2013 ஏப்ரலில் மருத்துவ இதழில் வெளியானபோது அதில் இன்னொரு பெண் குழந்தையும் இருந்தாள். வயது பத்து. அதே சிகிச்சை, அதே போல நோய் மறைந்தது. இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. இம்முறை அந்த லுக்கேமியா செல்களில் சி.டி.19 புரதமே இல்லை. அடையாளத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்த மாதிரி. எமிலியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தப் பெயர் தெரியாத குழந்தையையும் நினைக்க வேண்டும். அவளிடமிருந்து கற்றுக்கொண்டதை வைத்துத்தான் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளங்களைத் தேடும் கார்-டி செல்களை இப்போது உருவாக்கிப் பார்க்கிறார்கள்.

2012 ஆகஸ்டில், எமிலி குணமான மூன்றே மாதத்தில், நோவார்டிஸ் என்ற மருந்து நிறுவனம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பல நாடுகளில் நடந்த பெரிய சோதனையில் செல்கள் செலுத்தப்பட்ட 75 பேரில் 81 விழுக்காட்டினருக்கு மூன்று மாதத்துக்குள் நோய் மறைந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பாதிப் பேர். வேறு வழியே இல்லாதவர்களில் பாதிப் பேர் என்பது எவ்வளவு பெரிது என்பதையும், மறுபாதிக்கு இன்னும் பதில் இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2017 ஜூலை 12 அன்று, அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு கூடியது. டாம் அந்தக் குழுவின் முன் பேசினார். எமிலி அங்கே உட்கார்ந்திருந்தாள். பத்துக்குப் பத்து வாக்கு. ஆகஸ்ட் 30 அன்று அனுமதி வந்தது. அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கார்-டி சிகிச்சை அது, அதுவும் இருபத்தைந்து வயது வரையிலான லுக்கேமியா நோயாளிகளுக்கு. ஒரு புதிய புற்றுநோய்ச் சிகிச்சை பெரியவர்களுக்கு வருவதற்கு முன்பே குழந்தைகளுக்கு வந்தது மிக அரிது. அதே நாளில் டோசிலிசுமாப் மருந்துக்கும் இந்தப் பயன்பாட்டுக்காக அனுமதி கொடுத்தார்கள்.

நோவார்டிஸ் வைத்த விலை 4,75,000 டாலர்.

இது எனக்கு வலிக்கிறது. பெரிய நிறுவனம் வராமல் இதைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோயிருக்க முடியாது என்பது தெரியும். ஆனாலும், யாரும் பணம் தராத காலத்தில் இழந்த குடும்பங்கள் கொடுத்ததில் தொடங்கிய ஒன்று, கடைசியில் பெரும்பாலான குடும்பங்களின் கைக்கு எட்டாத விலையில் வந்து நிற்கிறது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் குடும்ப அறக்கட்டளைகள், பின்னால் வரும் சிகிச்சையின் விலை பற்றி முதல் நாளே ஒரு வார்த்தை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

இந்த விலைதான் இந்தியாவில் இன்னொரு முயற்சிக்குக் காரணம். மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. இதுவும் சி.டி.19 புரதத்தைத் தேடுவதுதான். அப்போது செலவு 40 லட்ச ரூபாயைச் சுற்றி இருந்தது. அமெரிக்க விலையோடு பார்த்தால் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பத்தில் ஒரு பங்கையும் நம் வீடுகளில் எத்தனை பேர் எடுத்து வைக்க முடியும்? தவிர, அந்த அனுமதி பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். எமிலியின் வயதுப் பிள்ளைகள் அதற்குள் வரவில்லை.

நம் ஊரில் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் குடும்பம் பணம் திரட்டுவது சிகிச்சைக்காக. பேருந்தில் படத்தோடு துண்டுச்சீட்டு கொடுப்பார்கள், டீக்கடையில் உண்டியல் வைப்பார்கள், இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நாளைக்குக் கட்ட வேண்டிய கீமோ செலவுக்கு அலைபவரிடம் போய் ஆராய்ச்சிக்குக் கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நம்மிடமும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 1923-இல் தன் சகோதரியைப் புற்றுநோய்க்கு இழந்த முத்துலட்சுமி ரெட்டி, அந்த நினைவை விடாமல் வைத்திருந்து, ஊர் ஊராக நிதி திரட்டி, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பன்னிரண்டு படுக்கை. முப்பது ஆண்டு கழித்து, குழந்தைகளின் ஏ.எல்.எல். நோய்க்கு நம் நாட்டுச் சூழலுக்கு ஏற்ற மருந்து முறை ஒன்றை மும்பை, சென்னை, டெல்லி மூன்று ஊர்களிலும் சேர்ந்து சோதித்துப் பார்த்தபோது, சென்னையின் பங்கை எடுத்துக்கொண்டது அந்த மருத்துவமனைதான். எம்.சி.பி. 841 என்று பெயர். அதற்குப் பிறகு இந்தியாவில் பிழைத்த குழந்தைகளின் எண்ணிக்கை கணிசமாகக் கூடியது. அந்தக் குழந்தைகளின் பெற்றோர் எத்தனை பேருக்கு 1923-இல் இறந்த அந்தப் பெண்ணைத் தெரியும்?

சிகிச்சை முடிந்து பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஐந்தாண்டு கழித்தோ பத்தாண்டு கழித்தோ, மூச்சு விட நேரம் கிடைக்கும்போது, அந்தக் குடும்பத்திடம் இதைப் பேசலாம். டாமும் காரியும்கூட இரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டார்கள். கொடுப்பதானால், எந்த ஆய்வுக்கு என்பதை அந்தத் துறை தெரிந்தவர்களிடம் விட்டுவிட்டு, பணம் எங்கே போனது என்ற கணக்கை மட்டும் ஆண்டுதோறும் கேட்டு வாங்கலாம். நெட்டர் குடும்பம் செய்தது அதுதான்.

எமிலியின் உடம்பில் அந்த டி செல்கள் பல ஆண்டுகள் தங்கியிருந்தன. அவை லுக்கேமியா செல்லோடு நல்ல பி செல்களையும் அழித்துவிடுவதால், கிருமிகளோடு போராடும் புரதங்களை அவளுக்கு வெளியிலிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. 2022 மே மாதத்தில் அவள் பிடித்திருந்த பலகையில் பத்து என்று இருந்தது. அடுத்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்தாள், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். அவளுடைய செல்களை மாற்றிக் கொடுத்த ஆய்வகமும் அங்கேதான் இருக்கிறது.